பேனாவைத் தூக்கிய செவ்வாய்க்கிழமை

என் மேசை இழுப்பறையில் மை தீர்ந்த நீலப் பேனா ஒன்று கிடக்கிறது. எதையும் தேதி போட்டு எழுதிவைப்பவன் நான். முதல் மழை பெய்த நாள், கம்பெனி பஸ் வராத நாள், ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த நாள் எல்லாம் என் டைரிகளில் இருக்கும். அத்தனை டைரிகளிலும் தெரிந்தே பொய்யாக எழுதியது ஒரே ஒரு வரி. ஒரு செவ்வாய்க்கிழமையின் கீழ் இருக்கிறது: “காது சோதனை. எல்லோரும் நலம்.” அதை எழுதியது இந்தப் பேனாதான்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில், வருகைப் பதிவேடு பார்க்கும் டைம் ஆபீசில் இருந்தேன். எங்கள் கிரேன் ஆபரேட்டர் கூரைக்கு அடியில் ஓடும் கண்ணாடிக் கூண்டில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்குக்கூட இறங்க மாட்டார். டிபன் பாக்ஸைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வார். அதனால் அவருக்கு ‘மேலூட்டுக்காரர்’, அதாவது மாடி வீட்டுக்காரர், என்று பெயர். ஒரு கட்டுக் கம்பியைத் தூசி எழாமல் தரையில் இறக்கக்கூடியவர். கீழே நின்று சைகை காட்டுபவரின் கழுத்தில் விசில் தொங்கும். கையசைவு தெரியாத இடத்தில் ஒரு நீண்ட விசில் கேட்டால், அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

“கீழ நிக்கறவன் இப்பல்லாம் நாஷ்டா துன்னாம வரான் போல, ரைட்டரே. விசில்ல காத்தே வரல” என்பார் மேலூட்டுக்காரர் என்னிடம். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அந்த விசில் கேட் வரைக்கும் கேட்கும்.

ஆண்டுக்கொரு முறை காது சோதனை செய்ய வண்டி வரும். காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதல் வருடம் மேலூட்டுக்காரர் சோதனை செய்பவரின் விரலைப் பார்த்தே அமுக்கி முடித்துவிட்டார். மறுவருடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். சோதனை செய்பவர் முதுகுப் பக்கம். எதிரே கதவருகில் பெயர்ப் பட்டியலோடு நான். அன்று காலை மேலூட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

“அந்தாளு விரல் அசையறப்போ பேனாவ லேசா தூக்கு, ரைட்டரே. அவ்ளோதான்.”

“கேக்காம எப்படிங்க ஓட்டுவீங்க?”

“கண்ணு கீதே. கிரேன் இன்னா காதுலயா ஓடுது?” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கீழ எறக்கிட்டா கூட்டிப் பெருக்க உட்ருவானுங்க. பொண்ணு இப்பதான் நர்சிங் சேந்துகீது.”

தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் தூக்கினேன். “இந்த வயசுல நல்ல காதுங்க” என்றார் சோதனை செய்தவர்.

சோதனை முடிந்த பத்தொன்பதாம் நாள், இறங்கிக்கொண்டிருந்த கம்பிக் கட்டின் சங்கிலி முறுக்கிக்கொண்டதைப் பார்க்கச் சைகைக்காரர் கூண்டிலிருந்து தெரியாதபடி கம்பி அடுக்குக்குப் பின்னால் போனார். கால் மாட்டிக்கொண்டது. விசில் ஊதினார். ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்டது, ஒருவரைத் தவிர. கட்டு இறங்கியது. இரண்டு கால்விரல்கள் போயின.

இயந்திர இரைச்சல் முதலில் கீச்சொலியைக் கேட்கும் திறனைத்தான் கொல்லும் என்று பிறகு படித்தேன். உட்காதில் மயிர்போல் இருக்கும் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. மோட்டார் சத்தம் கேட்கும், பேச்சும் பாதி கேட்கும், விசில் மட்டும் கேட்காது. இதை முன்பே படித்திருந்தால் பேனாவைத் தூக்கியிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நிச்சயமாகத் தெரியவில்லை.

விபத்து நடந்த அன்றே மேலூட்டுக்காரர் ஏணியில் இறங்கிவந்து, தனக்குக் காது கேட்பதில்லை என்று மேனேஜரிடம் சொன்னார். அப்புறம் எப்படிப் பாஸ் ஆனாய் என்று கேட்டார்கள். “குத்துமதிப்பா அமுக்கினேன் சார்” என்றார். பதிவேட்டை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வு பெறும்வரை அவர் துடைப்பம் பிடித்தார்.

போன வருடம் ஊத்துக்கோட்டைக்குப் போய் அவரைப் பார்த்தேன். மகள் நர்ஸாகிவிட்டாள். அவள் வாங்கிக்கொடுத்த போனில், நாம் பேசுவது எழுத்தாக ஓடுகிறது. நான் பேசப் பேச, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். எழுத்து ஓடி முடியும்வரை பார்த்துவிட்டு, “இத்த அன்னிக்கே கண்டுபுட்சிருந்தா நீ பேனா தூக்கிகினு இருந்திருக்க வேணாம்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் சீக்கிரமே நிறுத்திவிட்டார். “நான் கேட்டன், நீ தூக்கின. வெரலு போனது அவனுக்கு” என்றார்.

சென்ற வெள்ளிக்கிழமை திருவள்ளூரில் எனக்குக் காது சோதனை. சோதித்த பெண் என் முதுகுக்குப் பின்னால் டேப்லெட்டோடு நின்றாள். எதிரே என் மகள். ஒவ்வொரு ஒலிக்கும் மகளின் புருவம் தானாக உயர்ந்தது. அப்பாவுக்குக் கேட்டுவிட வேண்டுமே என்ற தவிப்பு, அவ்வளவுதான். புருவத்தைப் பார்த்தே இரண்டு முறை அமுக்கிவிட்டேன். மூன்றாம் முறை கை நின்றது.

“நீ வெளிய உக்காரும்மா” என்றேன். முதலிலிருந்து செய்யச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

வேப்பம்பட்டு வீட்டுக்குத் திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து அந்த நீலப் பேனாவை உதறிப் பார்த்தேன். எழுதவில்லை. வேறு பேனாவால் அன்றைய தேதியின் கீழ் “இரண்டு காதும் மந்தம்” என்று எழுதினேன். பிறகு பழைய டைரியை எடுத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வரியை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் எழுதினேன்: “ஒருவருக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.”