கோயில் கம்பத்து ஆன்டெனா

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கம்ப்யூட்டர் கிளார்க். ஆபீஸ் மேட்டில், ஃபாக்டரி பள்ளத்தில், நடுவே ஒரு மலை. மழை பெய்தால் டெலிபோன் செத்துவிடும்; அங்கே எப்போது மழை பெய்யாது? இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களையும் காற்று வழியாக இணைத்துக் காட்டுகிறேன் என்று தோட்டத்து மேனேஜரான துரையிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கைவசம் இருந்தது கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றும், கொழும்பு நண்பன் பதிந்து கொடுத்த லினக்ஸ் சீடியும்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற அந்த மென்பொருளின் மேல் எனக்குக் காதலே இருந்தது. மெயில், ஃபைல், இன்டர்நெட் எல்லாவற்றையும் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் சுமந்தது. மலை உச்சியில் கரண்ட் உள்ள ஒரே இடம் மாரியம்மன் கோயில். பூசாரியைக் கேட்டு ஒலிபெருக்கிக் கம்பத்தில் இரண்டு ஆன்டெனாக்களைக் கட்டி, அவற்றின் பெட்டியையும் அங்கேயே மாட்டினேன். திருவிழா வாரம் அது. இணைப்பு அருமையாக ஓடியது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

திருவிழா முடிந்த மறுநாள் எல்லாம் படுத்துவிட்டது. கேபிளை மாற்றினேன். கம்ப்யூட்டரில் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். பனிமூட்டத்தைத் திட்டினேன். முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதிக் கேட்டேன். பாவம், அவர்களும் மெனக்கெட்டுப் பதில் எழுதினார்கள். நாலாம் நாள்தான், இணைப்பு எப்போது இருக்கிறது, எப்போது இல்லை என்று கோடு போட்டுக் காட்டும் இன்னொரு இலவச மென்பொருளை ஏற்றினேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். என் நெட்வொர்க் பூசைக்கு மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

நடை சாத்தும்போது பூசாரி மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். ஒருமுறை வயர் கருகித் திரைச்சீலை பற்றியதிலிருந்து அப்படி. திருவிழாவில் நடை சாத்தவே இல்லை, அதனால் தப்பித்தேன். அந்தக் கோயில் மணியைக் கேட்டே வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் டிரைவரில் போய்த் தேடினேன். படித்த மடையன் என்று பூசாரி சொல்லவில்லை; நானே சொல்லிக்கொண்டேன். இனி மெயினைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டு, பெட்டிக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார் அந்த நல்ல மனிதர். ஆனால் தோட்டத்தில் சாவு விழுந்து கோயிலைச் சாத்தினால் மட்டும் எல்லாவற்றையும் அணைத்துத்தான் ஆகவேண்டும், அதுதான் முறை என்றார்.

அதற்குள் துரைக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு நெட்வொர்க் கம்பெனியின் ஆட்கள் வருகிறார்கள், அப்போது இணைப்பு அறுந்தால் என் சாமான்களைக் கழற்றிவிட்டு அவர்களுடையதைப் போடுவதாகவும், நான் பழையபடி விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அழுகைச் சத்தம். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா போய்விட்டார். பிள்ளையில்லாதவர். அம்மா கொழுந்தெடுக்கப் போன நாட்களில் எனக்குச் சோறூட்டியவர். எனக்கு முதலில் நினைவு வந்தது மெயின் சுவிட்ச். அம்மா சாவு வீட்டுக்கு ஓடினார். நான் ஆபீசுக்கு ஓடினேன்.

பத்து மணிக்கு ஃபாக்டரிக் கணக்கெல்லாம் ஆபீஸ் திரையில் பளிச்சென்று நின்றது. கொழும்புக்காரர்கள் ஒரு மணி நேரம் நோண்டிப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட அறுபடவில்லை. துரை தோளைத் தட்டினார். பூசாரி கோயிலைச் சாத்த மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். திரும்பும் வழியில் பார்த்தால், பூட்டுத் தொங்கியது.

சாவு வீட்டுக்கு வெளியே பூசாரி நின்றிருந்தார். சுவிட்சைப் பற்றித்தான் கேட்டேன்.

“கோயிலத்தான் சாத்துனேன் தம்பி. பொட்டிக்கு ஏது தீட்டு?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “சீக்கிரம் உள்ள போங்க. கொள்ளிக்கொடம் நீங்கதான் தூக்கணும்னு பெரியம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. வெடிஞ்சதுலருந்து ஒங்களத்தான் தேடுறாங்க” என்றார்.

செருப்பைக் கழற்றும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.