ஒன்பது கோலும் ஒன்பதாவது விதியும்

அகமது கபீரின் ஹேண்ட்பால் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு சாயங்காலம்தான் உண்டு. அதையும் கெடுத்துக்கொண்டது வேறு யாருமில்லை, அவனேதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டிய பலகைத் தடுப்புக்குள் டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்திருந்தான் கபீர். வாய்தா மனுவிலிருந்து பாகப்பிரிவினை வரைக்கும் அவன் விரல் பட்டுத்தான் கோர்ட்டுக்குள் போகும். கோர்ட் கலைந்ததும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுவான். அங்கே ஒரு மில்லின் பின்பக்கத்து மண் மைதானத்தில் அவர்களுடைய ஹேண்ட்பால் கிளப் இருந்தது. பக்கத்துக்கு ஏழு பேர், ஃபுட்பாலுக்குப் போல வலை கட்டிய கோல், பந்தைக் கையால் எறிந்து உள்ளே போட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஊரில் முக்கால்வாசிப் பேர் அதை வாலிபால் என்றே நினைத்திருந்தார்கள். விளக்கிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

கிளப்பில் இருபத்து நாலு பேர். முதல் பன்னிரண்டு பேர் ஏ டீம், மற்றவர்கள் பி டீம். மாசக் கடைசியில் ஏ டீமில் கடைசி இரண்டு பேர் கீழே இறங்குவார்கள், பி டீமில் முதல் இரண்டு பேர் மேலே ஏறுவார்கள். யார் எத்தனாவது என்பது போட்ட கோலைக் கூட்டிப் பார்த்து முடிவாகும். இந்தக் கணக்கில் கபீர் 1988 முழுக்கப் பதினேழாவது இடத்தில் குடியிருந்தான். பஸ் கிடைக்காமல் பாதி ஆட்டத்துக்கு வர முடியாததுதான் காரணம் என்று அவன் சொல்லுவான். வந்த பாதியிலும் பந்து கோல் பக்கம் போகவில்லை என்பதைச் சொல்ல மாட்டான்.

டைப்ரைட்டர் வைத்திருந்த பாவத்துக்கு அவனையே கிளப்புக்குச் செயலாளராக்கினார்கள். கிடைத்த பதவியை விடுவானா? 1989 பிப்ரவரியில் கோர்ட் தமிழில் எட்டு விதிகள் எழுதி, மூன்று கார்பன் வைத்து அடித்துக்கொண்டு வந்தான். அதில் நாலாவது விதிதான் அவன் மூளை. இனிமேல் மொத்த கோல் கணக்கு கிடையாது. போட்ட கோலை ஆடிய ஆட்டத்தால் வகுத்து, சராசரி வைத்துத்தான் இடம். வேலைக்குப் போகிறவன் எல்லா ஆட்டத்துக்கும் வர முடியுமா, இது நியாயமா என்று அவன் பேசிய பேச்சில் வக்கீல்கள் தோற்றுப்போவார்கள். முதலில் கை தூக்கியது கண்ணுச்சாமி. மில்லில் பதிலி வேலை பார்ப்பவர், ஷிஃப்ட் இடிக்கிற நாளில் அவராலும் வர முடியாது. விதி நிறைவேறியது.

மார்ச் முதல் வாரத்தில், அந்தச் சராசரிக் கணக்கின் முதல் ஆட்டம். எதிர் டீம் கோல்கீப்பருக்கு மெட்ராஸ் ஐ. ஒரு கண் ஒட்டிப்போய், மறு கண்ணில் நீர் வடிய நின்றிருந்தான் பாவம். கபீர் இடது ஓரத்திலிருந்து எறிந்ததெல்லாம் உள்ளே போனது. ஒன்பது கோல். அடுத்த நாள் போர்டில் ஒட்டிய பட்டியலில் முதல் பெயர் அகமது கபீர், சராசரி ஒன்பது. தானே அடித்து, தானே ஒட்டி, பத்தடி தள்ளி நின்று தானே நாலு தடவை படித்தான்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவனுக்கு உறைத்தது. இன்னொரு ஆட்டம் ஆடி ஒரு கோலும் விழாவிட்டால் ஒன்பது நாலரை ஆகிவிடும். ஆடவே ஆடாவிட்டால் ஒன்பது ஒன்பதாகவே இருக்கும். இதைத் தடுக்க எட்டு விதியிலும் ஒரு வரி இல்லை, எழுதியவனுக்குத் தெரியாதா என்ன. மார்ச் மிச்சத்துக்கு பஸ் கிடைக்கவில்லை என்றான். ஏப்ரலில் நோன்பு என்றான், அது நியாயம். நோன்பு முடிந்ததும் கால் சுளுக்கு என்றான். ஜூனில் மடவார் வளாகத்தில் பெரியப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றான். பெரியப்பா கல்லுக்குண்டாட்டம் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். ஆனால் பட்டியலை மட்டும் மாசா மாசம் தவறாமல் அடித்து ஒட்டினான்.

அந்தச் சமயத்தில்தான் மம்சாபுரத்தில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் நூர்னிசா. மாப்பிள்ளைக்கு என்ன பழக்கம் என்று பெண்ணின் அண்ணன் அபுபக்கர் விசாரிக்க, ஹேண்ட்பால், ஏ டீம், முதல் இடம் என்று கபீர் அடக்கமாகச் சொன்னான். அபுபக்கருக்கு விளையாட்டு என்றால் உயிர். ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை லீக்கில் பெரிய ஆட்டம் இருக்கிறதாமே, நானே வந்து பார்க்கிறேன் என்றார்.

பெரிய ஆட்டம்தான் அது. கிளப் இரண்டாம் டிவிஷனில் முதலாவதாக வந்திருந்தது. முதல் டிவிஷனில் கடைசியாக வந்த டீமோடு மோதி ஜெயித்தால் மேலே போகலாம். அதற்குப் பன்னிரண்டு பேர் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் லீக்கில் கொடுக்க வேண்டும். கபீர் பயந்தான், ஆனாலும் முதல் பெயராகத் தன் பெயரைத்தான் அடித்து வைத்திருந்தான். எப்படியும் பெஞ்சில் உட்காரலாம், கிளப்பின் நீல ஜெர்சி போட்டிருந்தால் போதும், அபுபக்கர் கண்ணுக்கு அது தெரியும் என்பது அவன் கணக்கு.

புதன்கிழமை மத்தியானம் கண்ணுச்சாமி டைப்பிங் கடைக்கு வந்தார். ஷிஃப்ட் முடிந்து நேராக பஸ் ஏறியிருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. மில்லில் விளையாட்டுக் கோட்டாவில் ஒரே ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், இந்த ஆட்டத்தில் பன்னிரண்டு பேரில் ஒருத்தராக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், அதற்கு ஒரு மனு வேண்டும் என்றார். ஏழு வருசமாக அவர் பதிலி. காலையில் கேட்டில் நின்று, யாராவது வராமல் போனால்தான் அவருக்கு அன்றைக்கு வேலை.

"தம்பி, ஏ டீம்ல இந்த ஆட்டம் ஆடுதேன்னு அழுத்தமா அடி. மத்தத நீயே போட்டுக்க."

கபீர் தாளைச் சொருகினான். விரல் ஓடவில்லை. பட்டியல் அவனுக்கு மனப்பாடம். கண்ணுச்சாமி பதினாறு ஆட்டம் ஆடி முப்பத்தாறு கோல் போட்டிருந்தார், சராசரி ரெண்டேகால், இடம் பதிமூன்று. மேலே ஒருத்தன் வந்து உட்கார்ந்தால் எல்லோரும் ஒரு படி இறங்குவார்கள், பன்னிரண்டில் இருக்கிறவன் மட்டும் வெளியே விழுவான் என்பதை இந்த நாலு மாசத்தில் அவன் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. ஆடாத ஒருத்தன் ஆடிய ஒருத்தரின் சோற்றில் உட்கார்ந்திருக்கிறான். வெட்கத்தில் காது மடல் சுட்டது. ஆனாலும் வாயைத் திறந்து சொல்லத் துணிச்சல் இல்லை. அவர் சொன்னபடியே அடித்துக் கொடுத்துவிட்டான்.

கோர்ட் வாசலில் எத்தனையோ பொய் அடித்திருக்கிறான். ஆனால் அதெல்லாம் அடுத்தவர் பொய். இது உண்மையாக வேண்டுமென்றால் அவன்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஒன்பதாவது விதியைப் படித்தான். கண்ணுச்சாமி ஷிஃப்டில் இருந்தார். பத்து ஆட்டமாவது ஆடாதவருடைய சராசரி செல்லாது, அவர் பட்டியலில் கடைசியில் வைக்கப்படுவார், இவ்விதி முன்தேதியிட்டு மார்ச் முதல் அமலுக்கு வருகிறது. கேப்டன் வைகுண்டராஜ் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதனால யாருக்குடே நட்டம்?"

"எனக்கு மட்டுந்தான்."

எல்லோரும் சிரித்த சிரிப்பு மில் கேட் வரைக்கும் கேட்டிருக்கும். சுளுக்கின கால் சரியாகிவிட்டதா, பெரியப்பா எழுந்து உட்கார்ந்தாரா என்று ஆளாளுக்கு அக்கறையாக விசாரித்தார்கள். விதி ஏகமனதாக நிறைவேறியது. கபீர் ஒன்றிலிருந்து இருபத்து நாலுக்கு இறங்கினான், கண்ணுச்சாமி பன்னிரண்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அபுபக்கர் வந்தபோது மாப்பிள்ளை ஸ்கோர் எழுதும் மேசையில் கட்டம்போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். கிளப் ஒரு கோலில் ஜெயித்தது. கண்ணுச்சாமி கடைசி எட்டு நிமிஷம் ஆடினார், கோல் போடவில்லை, எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்து இரண்டு நிமிஷம் வெளியே உட்கார்ந்தார். ஆனால் பன்னிரண்டு பேருக்கும் லீக் கொடுத்த சர்டிபிகேட்டில் அவர் பெயர் இருந்தது. இப்படி வெளியே உட்கார்ந்தால் கணக்கில் இரண்டு கோல் கழியும் என்ற ஆறாவது விதிப்படி அவருக்குக் கழித்ததும் கபீர்தான்.

ஆட்டம் முடிந்து அபுபக்கர் ஜெர்சி எங்கே என்று கேட்டார். கபீர் மறைக்கவில்லை. இப்போது நான் கடைசி, நான் எழுதிய விதியே என்னை இறக்கிவிட்டது என்று முழுக்கதையும் சொன்னான். அபுபக்கர் முழுக்கக் கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். சம்பந்தம் போச்சு என்று கபீர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சம்மதம் வந்தது. அபுபக்கர் வீட்டில் சொன்னது பிற்பாடு நூர்னிசா வாயால்தான் தெரிந்தது: "ஒண்ணு அவிய நேர்மையானவிய, இல்லன்னா வெவரம் பத்தாதவிய. ரெண்டுல எதா இருந்தாலும் நீ சமாளிச்சுக்கிடுவ."

கல்யாணம் முடிந்து ஒரு மாசம் கழித்து கண்ணுச்சாமி பால்கோவா பொட்டலத்தோடு கடைக்கு வந்தார். வேலை நிரந்தரமாகிவிட்டது, இப்போது குவார்ட்டர்ஸ் கேட்டு ஒரு மனு வேண்டும் என்றார். கபீர் பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டே, அந்தப் பழைய மனு அடித்த அன்றைக்கு நீங்கள் பதிமூன்றாவதாக இருந்தீர்கள், உங்களுக்குத் தெரியாது என்று பெரிய மனதோடு ஆரம்பித்தான்.

"தெரியாம என்ன? போர்டப் பாத்துட்டுத்தான வந்தேன். ஒங்கிட்ட சண்டைக்கு வந்தா சட்டம் பேசுவ. அதான் மனு அடிக்கச் சொன்னேன்."

கபீர் கையிலிருந்த மிச்சப் பால்கோவாவைப் பொட்டலத்திலேயே வைத்தான். தன் பெருந்தன்மையை நினைத்து இத்தனை மாசமாகத் தூக்கம் வராத நாளில்கூடத் தனியாகப் பூரித்துப்போயிருக்கிறான். அதுவும் அவனுடையது இல்லையாம். கண்ணுச்சாமி எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை வாங்கிப் பார்த்தான். குடும்பத்தில் எட்டுப் பேர், குடியிருப்பது ஒற்றை அறை, கூரை ஒழுகுகிறது என்று இருந்தது.

"அண்ணே, இதெல்லாம் நெசந்தானா?"

"நீ அடி தம்பி," என்றார் கண்ணுச்சாமி. "ஆயிரும்."

கபீர் தாளைச் சொருகினான்.