சாமி கழுவாத கால்

அப்பா திரும்பி வந்த அன்று எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம். நான் பத்தாவது படிக்கும்போது எங்களைக் குன்னூரில் விட்டுவிட்டு, சேரங்கோடு பக்கம் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போன மனுஷன் அவர். எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே அம்மா என்னை டீச்சராக்கினாள். எனக்கு வந்த வரன்களெல்லாம் 'பொண்ணோட அப்பா எங்க?' என்ற கேள்வியோடு எழுந்து போயின. இத்தனைக்கும் பிறகு, சர்க்கரை வியாதியில் வலது காலில் புண் வைத்து, அந்த நாற்றம் பொறுக்காமல் அந்த இன்னொருத்தி விரட்டிவிட்டதும், கவர்மெண்ட் பஸ் ஏறி நேராக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"துரத்தும்மா" என்றேன்.

அம்மா சுடுதண்ணி வைக்கப் போய்விட்டாள். "ஆண்டவர் யாரையாச்சும் துரத்தியிருக்காரா கண்ணு?" என்று அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஆண்டவருக்கென்ன! அவரா வந்து புண்ணு கழுவப் போறாரு?"

அவர் வரவில்லை. அம்மாவுக்கோ இரண்டு கண்ணிலும் புரை. புண் எது, நல்ல தோல் எது என்று தெரியாது. ஆஸ்பத்திரி நர்ஸ் என்னை உட்கார வைத்துக் கட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் அந்தக் காலோடுதான் என் பொழுது விடிந்தது. வாய் திறக்க மாட்டேன். பழைய கட்டைப் பிரித்து, மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவி, புதுத் துணி சுற்றி, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு ஓடுவேன். வகுப்பில் சாக்பீஸ் பிடிக்கும்போதும் விரலில் அந்த வாடை இருப்பது போலவே இருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பக்கத்துத் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழுதான் அன்பியம். பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, எங்கள் பாதிரியாரான பங்குச்சாமி பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அதற்கு ஒவ்வொரு அன்பியமும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் அழுக்குக் காலோடு யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. முந்தின நாளே வெந்நீரில் ஊறவைத்து, வெடிப்பைத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடர்கூடப் போட்டுக்கொண்டு புதுச் செருப்பில் வருவார்கள். சாமி கழுவுவது கழுவிய கால்களைத்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

அன்பியத் தலைவி பெயரை நோட்டில் எழுதிக்கொண்டே, "சரிதானுங்க. கஷ்டப்படறவங்களைத்தானே ஆண்டவர் முதல்ல தேடி வர்றாரு" என்றார்.

"அப்போ கஷ்டப்படுத்தினவங்களை?" என்று கேட்டேன்.

டீயும் பிஸ்கட்டும் சுற்றி வந்தன. ஊர் முன்னால் அவர் என் அப்பாவாக உட்காரக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

பெரிய வியாழனன்று கோவிலில் கால் வைக்க இடமில்லை. வெளியே மழை, உள்ளே ஈர ஸ்வெட்டர் வாடை. கடவுளின் அன்புக்கு நிபந்தனையே கிடையாது, அதிகம் தேவைப்படுகிறவனிடம் அது அதிகமாகப் போகும் என்று சாமி பிரசங்கம் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீடத்துச் சிலுவையைப் பார்த்து மனசுக்குள் கத்தினேன்: பாசம் உன்னுது, வேலை எனக்கா? ஒழுங்காக இருந்தவர்கள் பக்கம் நீ திரும்பவே மாட்டாயா? எங்களுக்குத் தேவையே இல்லை என்று யார் உனக்குச் சொன்னது?

எல்லோருக்கும் வலது காலைத்தான் கழுவுவது வழக்கம். சாமி ஒவ்வொருவராகக் குனிந்து கழுவிக்கொண்டு அப்பாவிடம் வந்தார். அப்பா இடது காலை நீட்டினார். கட்டுப் போட்ட வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"பெரியவரே, அந்தக் காலைக் குடுங்க. சும்மா குடுங்க" என்றார் சாமி. அவர் அங்கியில் குத்தியிருந்த மைக்கில் அது கோவில் முழுக்கக் கேட்டது.

அடுத்து அப்பா சொன்னதும் கேட்டது. "வேண்டாமுங்க சாமி. அதை என்ற மக தெனமும் கழுவறாளுங்க. இதைத்தான் யாரும் தொடலீங்க."

சாமி மண்டியிட்டு, இடது காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்து, முத்தமிட்டார். என்னைச் சுற்றியிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள். பூசை முடிந்ததும் மொய்த்துக்கொண்டார்கள். "குடுத்து வச்ச அப்பா, உன்னைப் பெத்ததுக்கு!" என்றாள் ஒருத்தி. அடிப்பாவி! அவளை அங்கேயே அறையலாம் போலிருந்தது. நான் வெறுத்து வெறுத்துச் செய்த வேலையை அந்த மனுஷன் ஊரைக் கூட்டி வைத்துப் பாசமாக்கிவிட்டாரே!

மறுநாள் பெரிய வெள்ளி. பள்ளி லீவு. கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் முன்னால் மருந்துத் தட்டை டொக்கென்று வைத்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவரோடு அன்றுதான் பேசினேன்.

"பெருமை பேசி முடிச்சாச்சா? நான் பாசத்துல கழுவல. உங்களை மன்னிக்கவும் இல்ல. தெரிஞ்சுக்கங்க."

"தெரியும் பாப்பா. நீ தேய்க்கிறதுலயே தெரியும்."

நான் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"பாசம் இருந்தும் நான் ஒரு நாளும் இந்த ஊட்டுக்கு வரல. நீ இத்தனை கோவத்தை வச்சுக்கிட்டுத் தெனமும் வர்ற. அதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல? அதான் சாமிகிட்டச் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழுகிறேனே என்று அதற்கும் கோபம்தான் வந்தது.

"காலை நீட்டுங்க" என்றேன்.