தனம் அக்காவும் மூன்றாவது குழாயும்

தனம் அக்கா போய்விட்டார். இன்று காலை, இன்சீனில், அவருடைய அண்ணன் வீட்டில். மூன்று நாள் காய்ச்சலாம்...

போன் வந்ததிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதை நாலு தடவை எழுதி அழித்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு... இங்கே பர்மாவில், லைங் தாயாவில் எங்கள் பேட்டையில், உள்நாட்டுச் சண்டையில் உடைந்த தண்ணீர்க் குழாய்களையும் கக்கூஸ்களையும் சரிசெய்த டீமில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சேர்ந்தவள்.

என்னென்ன உடைந்திருக்கிறது என்று வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டும். நான் வாசலில் நின்று முழிப்பேன். "கதவையே பாத்துக்கிட்டு நின்னா கதவா பதில் சொல்லும்? கூப்புடு புள்ள" என்பார் அக்கா. பிறகு அவரே கூப்பிடுவார்.

புதுக் கக்கூஸ் ஒன்றைக் கழுவி முடித்ததும், "நம்ம வீட்ட விட நல்லா இருக்கு, குடி வந்துருவமா?" என்று கேட்டார். அன்று முழுக்கச் சிரித்தேன்.

புதுக் குழாய் போட்டால், கிருமி சாக, குளோரின் அதிகம் கலந்த தண்ணீரை அதில் ஒரு நாள் நிறுத்திவைப்போம். மறுநாள் அதை வெளியே திறந்துவிடும்போது ஒவ்வொரு தெருக்குழாயிலும் ஒருவர் நின்று, "இப்பப் பிடிக்காதீங்க" என்று சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு நாள், மூன்றாவது குழாய் என் பொறுப்பு.

தண்ணீர் வந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். எனக்குக் குரலே வரவில்லை... ஒரு அம்மா முதல் வாளியைக் கொண்டுபோய், தெருமுனையில் வழிப்போக்கர்களுக்காக வைத்திருக்கும் பானையில் ஊற்றினார். புண்ணியம் என்று.

அதைக் குடித்த இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள் வாந்தி எடுத்தார்கள். அதன்பிறகு ரொம்ப நாள் எங்கள் தண்ணீரை யாரும் தொடவில்லை. பழையபடி குளத்துக்கே போனார்கள்.

சூப்பர்வைசர் முத்து அண்ணன் கேட்டார்: "மூணாவது குழாயில நின்னது யாரு?"

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "நாந்தாண்ணே. இவள சாப்புட அனுப்பிட்டு நான் நின்னேன்."

"நீ நின்னு சொல்லாம இருந்தியா? உன் வாய்க்கா பூட்டு?"

"தொண்ட கட்டிருச்சுண்ணே."

மறுநாளிலிருந்து அக்காவுக்கு வேலை இல்லை. இன்சீனுக்குப் போய்விட்டார்.

பேட்டையில் இன்னும் "தண்ணியக் கெடுத்த தனம்" என்றுதான் சொல்கிறார்கள். நானும் கேட்டுக்கொண்டே நடந்து போவேன்.

முத்து அண்ணா, அன்று அங்கே நின்றது நான். அக்கா அந்தப் பக்கமே வரவில்லை. பேட்டைக்காரர்களும் படிக்கட்டும் என்று இதைப் பர்மியத்திலும் போட்டிருக்கிறேன்.

இப்போது இன்சீன் பஸ்ஸில் இருக்கிறேன். அக்காவின் அண்ணனிடம் இதை நேரில் சொல்ல வேண்டும்.

போய் வாங்க அக்கா.