தட்டில் ஒரு கேரட்டும் ஒரு மலைவாழைப்பழமும்

கொடைக்கானலில் உணவு ஆலோசகர் வேலை என்பது, காலை முதல் சாயங்காலம் வரை சந்தேகக் கேஸில் பிடிபட்டவரைப் போல உட்கார்ந்திருக்கும் வேலை. பிறருக்கு நல்லது சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்பவரா நீங்களும்? அப்படியென்றால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

எடை ஒன்று, சத்து வேறு

ஆஸ்பத்திரியில் என் மேஜைமேல் ஒரு தட்டு. அதில் ஒரு கேரட், ஒரு மலைவாழைப்பழம். ஒரே எடைக்குப் பார்த்தால், பழத்தில் இருக்கும் சர்க்கரையில் பாதிகூட கேரட்டில் இல்லை. கண்ணுக்கு வேண்டிய சத்து கேரட்டில் ஏராளம், பழத்தில் பேருக்குத்தான். பொட்டாசியத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். இதையெல்லாம் ஆலோசனைக்கு வந்த ஒரு டீச்சரிடம் மூச்சுவாங்க விளக்கினேன். அவர் கேரட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடிச்சா இனிக்குதே மேடம்? உங்களுக்கு கேரட் தோட்டம் ஏதும் இருக்கா?"

விளைவித்தவர் வந்தார்

வேலுச்சாமி கொடைக்கானல் மலையிலேயே போளூர் என்ற ஊரில் கேரட் போடுகிறவர். கால் பெருவிரலில் ஆறாத புண். ஒரு மாதத்தில் சுகர் இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். தினம் நாலு மலைவாழைப்பழம் சாப்பிடுவாராம். அதை விட்டுவிட்டு கேரட் சாப்பிடுங்கள் என்றேன். "மருந்தடிச்சவனே நான்தாங்க. நானே திங்கவா?" என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

நல்லவேளை, மனைவி பஞ்சவர்ணம் கூட வந்திருந்தார். "சந்தைக்குப் போறது வேற. வீட்டுக்குன்னு மருந்து படாம ஒரு பாத்தி தனியாக் கெடக்கு, அதுல புடுங்கித் தர்றேன்" என்றவர், என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்க எந்தப் பாத்திக் கேரட்டுங்க திங்கிறீங்க?"

துப்பறியும் படலம்

இரண்டு வாரம் ஆயிற்று. சுகர் அசையவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். பழம்? "தொடலீங்க" என்றார் வேலுச்சாமி. நான் நம்பவில்லை. பஞ்சவர்ணத்தைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். அவருக்கோ என்மேல்தான் சந்தேகம்.

"எங்க வீட்டுக்காரரு பொய் சொல்ல மாட்டாரு. நீங்க சொன்ன கேரட்டத்தான் சோதிச்சுப் பாக்கணும்."

கணக்கில் வராத பழம்

விடிந்ததிலிருந்து வாய்க்குள் போவதை எல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள் என்று வேலுச்சாமியிடமே கேட்டேன். "வெள்ளனே சீனி போடாத காப்பி. குளிச்சுட்டு பஞ்சாமிர்தம்…" என்று தொடங்கினார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் வந்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒரு டப்பா வந்திருக்கிறது. கொடுத்ததை மறுக்கக் கூடாதாம். மலைவாழை, வெல்லம், நெய். மூன்று வேளையும் கை நிறைய!

எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், விரல் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். "கேட்டேனே, ஏன் சொல்லலை?" என்று கத்தியேவிட்டேன். மனிதர் நிஜமாகவே புரியாமல் விழித்தார்.

"நீங்க பழமா காயான்னுதானே கேட்டீங்க? அது பிரசாதமுங்க."

தீர்ப்பு

மிச்சமிருந்த டப்பாக்களைப் பஞ்சவர்ணம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துத் தீர்த்தார். மாதக் கடைசியில் சுகர் இறங்கியது, புண் ஆறத் தொடங்கியது. விரலை எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலுச்சாமி நேராக என் அறைக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பிரசாதத்த நிறுத்தியும் முருகன் கோவிச்சுக்கல பாருங்க, வெரலக் காப்பாத்திட்டாரு. கேரட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

என் அறையிலிருந்து சந்தேகம் தீர்ந்து போனவர் இதுவரை ஒருவரும் இல்லை, பத்து விரலோடு நடந்து போனவர் ஒருவர் இருக்கிறார்.