காய்கறிப் பையை வாசலில் வைக்கச் சொன்ன அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நீயும் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். பிழை வருமோ, யாருக்காவது நன்றி சொல்ல மறந்துவிடுவேனோ என்று பயம். அண்ணன் இருந்திருந்தால், "பயந்துகிட்டே எழுது தங்கச்சி, யாரு வேணாங்குறா?" என்றிருப்பார். அப்படியே எழுதுகிறேன்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரம் தவறிப் போனதால், கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். விடியற்காலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவார். அந்த உழைப்பில்தான் நாங்கள் வளர்ந்தோம், என் கலியாணமும் நடந்தது.

என் மகளுக்கு வயது ஏறியும் பேச்சு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, "இந்த வருஷம் வீட்டுலயே வச்சிருங்க, பிறகு பாப்போம்" என்றார் அதிபர். நானும் தலையாட்டிவிட்டு வந்து அழுதேன். அண்ணன் மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனார்.

"கேட்டுட்டு வந்துட்டேன் தங்கச்சி. பள்ளிக்கூட வயசுப் பிள்ளைய வீட்டுல வைன்னு சொல்ல ஏலாதாம். அவளுக்கு என்ன படிப்பிக்கிறது, எப்படிப் படிப்பிக்கிறதுன்னு திட்டம் போடுறப்ப, தாயையும் கூட வச்சுத்தான் பேசணுமாம். அது உன் உரிமை."

கூட்டத்துக்கு நாள் கிடைத்தது. நான் ஒரு பை நிறையச் சௌசௌவும் போஞ்சியும் எடுத்துக்கொண்டேன். தோட்டத்தில் எந்த ஆபீஸுக்கும் நாங்கள் வெறுங்கையோடு போனதில்லை. பள்ளிக்கூட வாசலில் அண்ணன் பையைப் பார்த்தார்.

"என்ன, சந்தைக்கா போறோம்?"

"சாரு மனசு இரங்கும்ல அண்ணே."

"இரங்கச் சொல்லியா போறோம்? நம்ம பிள்ளைக்குச் சேர வேண்டியதக் கேக்கப் போறோம். பைய இங்கயே வை."

"ஆடு தின்னுறுமே!"

"தின்னட்டும். அதுக்கும் பசிக்கும்ல."

உள்ளே போய் நான் கைகட்டி நின்றேன். அண்ணன் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். வகுப்பில் பார்த்துக்கொள்ள ஆள் போதாது என்றார் அதிபர்.

"உங்க கஷ்டம் தெரியுது சார். ஆனா அவளுக்கு இந்த வருஷம் என்ன செய்யப் போறோம்னு, அவ அம்மாவையும் வச்சு இன்னிக்கே பேசிருவோம்" என்ற அண்ணன், என் பக்கம் திரும்பினார். "சொல்லு தங்கச்சி."

மணி அடித்தால் மகள் காதைப் பொத்துவாள், படத்தைக் காட்டினால் விளங்கிக்கொள்வாள், தண்ணீர் வேண்டுமென்றால் என் சேலையை இழுப்பாள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கூட்டத்துக்கு வந்திருந்த விசேட கல்வி டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னும் இன்னும் கேட்டார். அதுவரை என் பிள்ளையைப் பற்றி யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

கடைசியில் அதிபர், "சரி, திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. முதல்ல கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.

"முழு நேரம் எப்ப இருந்துன்னும் இப்பவே பேசிக்குவோம் சார்."

"விடமாட்டீங்க போல!" என்று அதிபர் சிரித்துவிட்டார். அதையும் பேசி முடித்துத்தான் எழுந்தோம்.

வெளியே வந்தபோது பை அப்படியே இருந்தது. "இப்பக் கொண்டு போய்க் குடு. இனி இது வெறும் சௌசௌதான்" என்றார் அண்ணன்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், "இந்த வருஷக் கூட்டம் எப்ப?" என்றுதான் கேட்டார். கூட்டத்துக்கு முன்னமே போய்விட்டார். நான் தனியாகப் போனேன். நானே கதிரையை இழுத்து உட்கார்ந்து, மகளுக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்று கேட்டேன். கிடைத்தது. இப்போது அவள் அண்ணனின் படத்தைக் காட்டி, "மாமா" என்கிறாள்.

அண்ணனுக்கு இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுத்த கடை முதலாளிக்கும், அதிபருக்கும், டீச்சருக்கும், அடக்கத்தன்று மழையில் நின்ற லயத்து உறவுகளுக்கும் என் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நினைவு நாளுக்கு வந்து மலரை வாங்கிக்கொண்டு புறப்படும்போது வாசலைப் பாருங்கள். ஆளுக்கொரு பை சௌசௌ கட்டி வைத்திருக்கிறேன். உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டு போங்கள்.