வெண்டல் ஹாகன்சனின் ஒன்பது பாட்டுகள்

வெண்டல் ஹாகன்சன் இந்த வருடத்தின் முதல் இரும்புத்தாதுக் கப்பலில் ஏறிப் போனது மார்ச் இருபத்து மூன்று, திங்கட்கிழமை காலை. எங்கள் ஏரிக்கரை ஊர் டுலூத்தின் துறைமுகத்தில் பனிக்கட்டியை உடைத்து வழி திறந்திருந்தார்கள். அவர் கப்பலில் சமையல்காரர். குளிர்காலத்தில் கப்பல்கள் ஓடாத இரண்டு மாதமும் வீட்டின் நிலவறையில் கிடாரும் டிரம்முமாக அடைந்து கிடப்பார். நான் அதே வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். நான்கு வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு ஜனவரியில்தான் திரும்பியிருந்தேன்.

கிளம்பும்போது ஒரு சிடியை என் கையில் வைத்தார்.

"ஏய் ஊர்சுத்தி, நான் போட்ட ராக் ஆல்பம். நீ கேளு. அப்புறம் ஆர்டிஸுக்குப் போட்டுக் காட்டு. அவ வேணாம்னா இதை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"நீங்களே காட்டலாமே?"

"சூப்புல உப்பு ஜாஸ்தின்னு கப்பலே சேந்து திட்டினாலும் தாங்குவேன். அவ முகத்தைப் பாக்க என்னால ஆகாது."

ஆர்டிஸ் அவருடைய அண்ணன் மனைவி. அண்ணன் ரஸ், துறைமுக வாயிலில் உள்ள தூக்குப் பாலத்தை இயக்கியவர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார்.

அன்று மதியமே கேட்டேன். டிரம் அவ்வளவு மெதுவாக விழுந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் காபி போட்டுவிட்டு வந்துவிடலாம். கிடார் சுவருக்கு அப்பால் எங்கோ உறுமியது. குழாய் அடைத்துக்கொண்டது என்று படிக்குக் கீழிருந்து கத்தும் அதே குரல்தான் பாடியது. நாலாவது பாட்டில் அடுப்பை அணைத்தேன். ஆறாவதில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பெரிய ஒன்று என் காலுக்குக் கீழே நடந்திருக்கிறது, நான் அதன்மேல் பூட்ஸ் காலோடு நடந்திருக்கிறேன்.

ஒன்பதாவதில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு கப்பல் சங்கு: மூன்று நீளம், இரண்டு குட்டை. எங்கள் ஊரில் தூக்குப் பாலத்தை இயக்குகிறவர் அதை அப்படியே திருப்பி ஊதுவார். காய்கறி வாங்குகிறவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு அதற்குக் காத்திருப்பார்கள். நானும் காத்திருந்தேன். ஒரு முழு நிமிடம் காற்று மட்டும். அத்துடன் ஆல்பம் முடிந்தது.

மறுநாள் ஆர்டிஸ் வீட்டில் போட்டேன்.

"பாடறானா, பல்லு வலிக்குதா இவனுக்கு?" என்றார். அடுத்த பாட்டுக்கு, "இந்த வேகத்துல என் ரொட்டி மாவு ரெண்டு தடவை பொங்கிடும்."

ஐந்தாவதில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சங்கு ஊதியதும் ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த நிமிடம் முழுக்க அசையவில்லை. பிறகு சிடியை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேணாம்னு சொல்லிடு."

"சிடி?"

"அது எங்கிட்டயே இருக்கட்டும். பாத்துப் போ, படியில ஐஸ் வழுக்கும்."

வெண்டலுக்கு அப்படியே எழுதினேன். "சரி" என்று மட்டும் பதில் வந்தது. கோடையில் அவர் ஊருக்கு வந்தபோதும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் ஆர்டிஸிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது: "எதிர்வீட்டு பெர்னடின் புருஷன் போன வாரம் தவறிட்டான். வெண்டல் சிடியை அவளுக்குக் கேக்கக் குடுத்தேன். திருப்பித் தர மாட்டேங்கறா. அவன்கிட்ட சொல்லு, வெளியிடட்டும்."